பெரிய ட்ரக் ஓட்டப் பழகுகிறீர்களா? பயம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

கார் நன்றாக ஓட்டுபவருக்கும் பெரிய ட்ரக்கில் ஏறி உட்கார்ந்ததும் வயிறு கலங்கும். முன்னால் தெரியும் சாலையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. முதுகுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மீட்டர் நீளப் பெட்டி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியாததுதான் கலக்கம். அதனால் முதல் சில நாட்களைக் கண்ணாடி பார்க்கப் பழகுவதற்கே ஒதுக்குங்கள்.

ட்ராக்டரும் (முன்னால் இழுக்கும் இன்ஜின் பகுதி) ட்ரெய்லரும் (பின்னால் மாட்டிய பெட்டி) ஒரே நேராக நிற்கும்போது கண்ணாடிகளைச் சரிசெய்ய வேண்டும். தட்டையான கண்ணாடியின் உள் ஓரத்தில் ட்ரெய்லரின் பக்கவாட்டு ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும். குவிகண்ணாடி அதிக இடம் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாகவும் தூரத்திலும் காட்டும். அதை நம்பி லேன் மாறினால் பக்கத்தில் வரும் காரின் தூரம் தப்பாகத் தெரியும்.

ஓடும்போது பதற்றம் வந்தால் பார்வை வண்டியின் மூக்குக்கு முன்னால் விழுந்துவிடும். கை ஸ்டீயரிங்கை இறுக்கும், வண்டி லேனுக்குள் பாம்பு மாதிரி நெளியும். இன்னும் 12 முதல் 15 நொடியில் நீங்கள் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள், நெளிவு நின்றுவிடும். நடுவில் இருக்கிறோமா என்ற சந்தேகத்துக்குக் கண்ணாடிதான் பதில்: ட்ரெய்லர் டயருக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுவோம். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு வந்தவர்கள் தடுமாறுவது நெரிசலில் அல்ல. அங்கே மற்ற வண்டிகளைப் பின்தொடர்ந்தே போய்விடலாம். ஆளில்லாத யார்டிலிருந்து விடியற்காலையில் வெளியே வரும்போதுதான் பழைய பக்கத்துக்குக் கை போகும். வாசலிலேயே நிறுத்தி, எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது திருப்பம்தான் குறுகலானது. பின் டயர்கள் முன் டயர் போன பாதையில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பயந்துபோய் முன்கூட்டியே இடப்பக்கம் ஒதுங்கினால், காலியான வலப்பக்கத்தில் ஒரு கார் நுழைந்துவிடும். ட்ரெய்லரின் பின்புறத்தை ஓரக்கல்லை ஒட்டியே வைத்து, முன்பக்கத்தைச் சந்திப்புக்குள் அதிகம் கொண்டுபோய், முடிக்கும்போது அகலமாகத் திருப்ப வேண்டும்.

ரிவர்ஸ்தான் பலரையும் அழ வைக்கும் இடம். அதற்குக் காரணம் ஒன்றுதான்: ஸ்டீயரிங் திருப்பியதற்கும் ட்ரெய்லர் அசைவதற்கும் நடுவே ஒன்றிரண்டு நொடி ஆகும். பதற்றக்காரர் அந்த நொடியைப் பொறுக்காமல் இன்னும் கொஞ்சம் திருப்புவார். பிறகு இரண்டும் சேர்ந்து வந்து வண்டி கத்தி மாதிரி மடங்கும். ரேடியோவை அணையுங்கள், ஜன்னலை இறக்குங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, மிகத் தாழ்ந்த ரிவர்ஸ் கியரில் வண்டி தானாக ஊரட்டும். ஒரு கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் வையுங்கள். ட்ரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கை போகட்டும். கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, பார்த்து, பிறகு அடுத்தது. நேராகப் பின்வாங்கும்போது ஒரு கண்ணாடியில் ட்ரெய்லர் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தால், ஸ்டீயரிங்கின் மேல்பக்கத்தை அந்தக் கண்ணாடியின் பக்கமே சற்றுத் திருப்புங்கள், நேராகிவிடும். கோணம் கைமீறினால் நிறுத்தி முன்னால் போய் மறுபடி வரலாம். இறங்கிப் போய்ப் பார்க்கவும் தயங்காதீர்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பாரே என்று இறங்காமல் இருந்துதான் பலர் கம்பத்தில் இடிக்கிறார்கள். முடிந்தவரை ஓட்டுநர் பக்கமாகவே பின்வாங்குங்கள். மறுபக்கம் பாதி குருடு.

ஏர் பிரேக் மிதித்ததும் பிடிக்காது, காற்று குழாய் வழியே போய்ச் சேரச் சுமார் அரை நொடி ஆகும். இதை அறியாமல் முதல் நாள் பிரேக் வேலை செய்யவில்லை என்று பதறி ஓங்கி மிதிப்பவர்கள் உண்டு. காலி ட்ரக் சீக்கிரம் நிற்கும் என்பதும் தப்புக் கணக்கு. சுமை இல்லாமல் டயர் துள்ளும், பூட்டிக்கொள்ளும், நிற்க அதிகத் தூரம் எடுக்கும். வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் 1 நொடி, மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டினால் கூடுதலாக 1 நொடி: முன்வண்டிக்கு இந்த இடைவெளி விடுங்கள். அந்த வேகத்துக்கு மேல் 18 மீட்டர் வண்டிக்கு 7 நொடி. அந்த இடத்தில் யாராவது புகுவார்கள். புகட்டும், மறுபடி பின்தங்குங்கள். நீண்ட இறக்கத்தில் இறங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், பாதியில் மாற்ற முயன்றால் கியர் விழாமல் வண்டி வேகமெடுக்கும்.

மேனுவல் வண்டியில் ஓடும்போது கிளட்ச்சைத் தரைவரை மிதிக்காதீர்கள். கடைசி இஞ்சில் இருப்பது கிளட்ச் பிரேக், நின்ற வண்டிக்கு மட்டுமானது.

ட்ரெய்லரை மாட்டியதும் மெதுவாக முன்னால் இழுத்துச் சோதியுங்கள். பிறகு டார்ச்சோடு இறங்கிக் கீழே பாருங்கள்: ட்ராக்டர் தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது, தட்டின் பூட்டுத் தாடைகள் கிங் பின்னின் (ட்ரெய்லருக்கு அடியில் நீட்டி நிற்கும் இரும்பு முளை) தண்டைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். இழுத்துப் பார்த்தால் போதும் என்று விட்டால், பூட்டாத கிங் பின்கூடச் சில நேரம் பிடித்ததுபோல் காட்டிவிடும்.

வெளிநாட்டில் பழகுபவர்களுக்கு இன்னொரு பயம் மொழி. பயிற்சியாளர் வேகமாகச் சொல்லும் ஆங்கிலம் பாதி புரியாமல் தலையாட்டிவிட்டால் அடுத்த நொடியில் தப்பான பக்கம் திருப்புவீர்கள். கிளம்பும் முன் பத்துச் சொற்களை அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘நிறுத்து’ என்பதற்கு ஒரே ஒரு சொல்தான் இருக்க வேண்டும். புரியாவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டிக் கேளுங்கள், அதற்காக யாரும் உங்களைக் குறைவாக எண்ண மாட்டார்கள். தனியே பழகும்போது பார்ப்பதையெல்லாம் தமிழிலேயே உரக்கச் சொல்லுங்கள்: ‘சிக்னல் பச்சை, வலப்பக்கம் சைக்கிள், ட்ரெய்லர் தாண்டிவிட்டது’. வாய் பேசும்போது மூச்சு அடைபடாது.

கிளம்பும் முன் செய்யும் வண்டிச் சோதனையில் வரும் பாகங்களின் ஆங்கிலப் பெயர்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் தேர்வன்று மறந்துபோகும். இன்ஜினில் தொடங்கி வண்டியை ஒரே திசையில் சுற்றிவந்து, ஒவ்வொரு பாகத்தையும் கையால் தொட்டுப் பெயரைச் சொல்லிப் பழகுங்கள். அடுத்த சொல் நினைவுக்கு வராவிட்டாலும் கை அடுத்த பாகத்துக்குப் போய்விடும்.