செம்மர வழக்கில் விடுதலை ஆனபின் நட்ட ஈடு: கோட்டை விடும் இடங்கள்

ஜவ்வாது மலையிலிருந்தும் காட்பாடி, திருத்தணி பக்கமிருந்தும் ஆந்திராவுக்குப் போய், செம்மரக் கடத்தல் கேஸில் சிக்கி, வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து கடைசியில் விடுதலையானவர்கள் பலர். ஆந்திராவிலேயே இருக்கும் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழர்களிலும் உண்டு. பொய்க் கேஸ் போட்ட அதிகாரியைச் சும்மா விடலாமா என்று அவர்கள் கேட்பது முழு நியாயம். ஆனால் விடுதலைத் தீர்ப்பைக் காட்டினாலே நட்ட ஈடு கிடைத்துவிடும் என்று நம்பிப் போனால் வழக்கு நிற்காது.

சிவில் கோர்ட்டில் வாதி, அதாவது விடுதலையாகி நட்ட ஈடு கேட்பவர், ஐந்து விஷயங்களை நிரூபித்தாக வேண்டும். அந்தக் கிரிமினல் வழக்கை நடத்தியது பிரதிவாதிதான் (நட்ட ஈடு கேட்கப்படுபவர்). அது வாதிக்குச் சாதகமாக முடிந்தது. வழக்குப் போட நியாயமான, நம்பத்தக்க காரணம் இல்லை. கெட்ட நோக்கம் இருந்தது. அதனால் நஷ்டம் வந்தது. கிரிமினல் தீர்ப்பு இதில் இரண்டாவதை மட்டும்தான் காட்டும். அந்தத் தீர்ப்பில் சொன்ன காரணங்களைச் சிவில் கோர்ட் அப்படியே ஏற்காது, மறுபடி சாட்சி போட வேண்டும். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டிருந்தால், "காரணம் இருந்தது, நிரூபிக்கத்தான் முடியவில்லை" என்று எதிர்த்தரப்பு நிற்கும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது கெடுவில். 1963 காலவரையறைச் சட்ட அட்டவணையின் 74ஆவது இனப்படி, விடுதலையான நாளிலிருந்து, அல்லது வழக்கு வேறு விதத்தில் முடிந்த நாளிலிருந்து, ஒரே வருடம். மூன்று வருடம் என்று டீக்கடையில் சொல்வது கடன் பாக்கி வழக்குக்கான கணக்கு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனு அப்பீலுக்கு உண்டு, புது வழக்குக்குக் கிடையாது. தீர்ப்பு நகலுக்குக் காத்திருந்த நாட்களும் கழியாது. அரசு அப்பீல் போனாலும், முதல் விடுதலைத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போய், வியாழக்கிழமை காட்டில் பிடித்ததாக எழுதியிருந்தால், நடுவில் இருந்த அந்த மூன்று நாள் சட்டவிரோதக் காவல். அதற்கான நட்ட ஈட்டுக்கு 73ஆவது இனம் பொருந்தும்: அந்தக் காவல் முடிந்ததிலிருந்து ஒரு வருடம். கிரிமினல் கேஸ் முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இந்த உரிமை, கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே கை நழுவிப் போயிருக்கும்.

அடுத்தது நோட்டீஸ். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி, அரசு மீதோ, பதவியின் பேரால் செய்த செயலுக்காக அதிகாரி மீதோ வழக்குப் போடும் முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். எஸ்.பி. ஆபீசுக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறார்கள். மாநில அரசுக்கான நோட்டீஸ் அரசுச் செயலருக்கோ மாவட்டக் கலெக்டருக்கோ சேர வேண்டும். அதிகாரிக்கு உள்ளது அவர் கையிலோ அவர் ஆபீசிலோ சேர வேண்டும். பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிந்தது. சம்பவ இடம் இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து விலாசம் எழுதுங்கள். நோட்டீஸில் பெயர், விலாசம், வழக்குக்கான காரணம், கேட்கும் பரிகாரம் நான்கும் இருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த விவரத்தைப் பிராதிலும் (வழக்கு மனுவிலும்) எழுத வேண்டும். அந்த இரண்டு மாதம் ஒரு வருடக் கணக்கில் சேராது. அதை நம்பிப் பதினோராம் மாதம் வரை இழுக்காதீர்கள்: மூன்றாம் மாதத்துக்குள் நோட்டீஸ், ஆறாம் மாதத்துக்குள் வழக்கு.

அரசின் முன் அனுமதி வேண்டுமே என்று தயங்கி நிற்பவர்களும் உண்டு. அந்த அனுமதி அதிகாரி மீது கிரிமினல் வழக்குப் போட. நட்ட ஈட்டு வழக்குக்கு அது தேவையில்லை.

ரிமாண்டு செய்த மாஜிஸ்திரேட்டைப் பிரதிவாதியாகச் சேர்க்காதீர்கள். 1850ஆம் வருடத்துச் சட்டமே அவருக்குப் பாதுகாப்பு. பஞ்சநாமாவில் (சாட்சிகள் முன் எழுதும் மகஜரில்) கையெழுத்திட்ட எல்லோரையும் இழுப்பதும் வீண். விஷயம் தெரிந்தே பொய்யாக எழுதியவர் யார், எந்தத் தாளில் எழுதினார் என்று யாரைப் பற்றிக் காட்ட முடிகிறதோ அவரை மட்டும் பிரதிவாதியாக்குங்கள். பொய்ப் புகார் கொடுத்துப் போலீஸை ஏவியவர் தனிநபரானாலும் சேர்க்கலாம்.

வேலூரில் குடியிருக்கிறோம் என்பதற்காக வேலூரிலேயே வழக்குப் போட முடியாது. தவறு நடந்த இடத்திலோ, பிரதிவாதி குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலோதான் போட முடியும். அங்கே ஆவணமெல்லாம் தெலுங்கில் இருக்கும். எப்.ஐ.ஆரில் பெயரைக் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து வீட்டுப் பெயராகிவிடும். ஆதாரில் ஒரு பெயர், தீர்ப்பில் ஒரு பெயர் என்றால், "விடுதலையானவர் இவர்தானா?" என்பதே முதல் ஆட்சேபணையாக வரும். பிராதிலேயே இரண்டு பெயரையும் "என்கிற" போட்டு எழுதிவிடுங்கள்.

சாட்சியத்தில் சின்னத் தாள்களுக்குத்தான் மதிப்பு. அன்று அந்த இடத்தில் இல்லை என்று காட்டும் பஸ் டிக்கெட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினில் வரும் அந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தால் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். அன்றே போட்டோ எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, அசலை வெயில் படாத கவரில் வைக்க வேண்டும். செல்போன் கால் விவரத்தைக் கம்பெனிகள் இரண்டு வருடம் வைத்திருந்தால் போதும் என்பதே விதி. ஸ்டேஷன் கேமராப் பதிவுக்கு சுப்ரீம் கோர்ட் 2020இல் சொன்னது 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஒரு வருடம். விடுதலைக்குப் பிறகு கேட்டால் இரண்டும் அழிந்திருக்கும். கிரிமினல் கேஸ் நடக்கும்போதே மனுப் போட்டு வரவழைத்து ஆவணமாகக் குறியிட வையுங்கள். சிறைக்குள் நுழைந்த அன்று காயம் எழுதிய பதிவேட்டு நகலும் வாங்குங்கள்.

தொகையில் ஆசைப்பட்டு ஒரு கோடி என்று எழுதினால் அதற்கேற்ற கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். வக்கீல் பீஸ் ரசீது, வாய்தாவுக்குப் போன செலவு, போன கூலி, சிறையில் கழிந்த நாள் என்று வரிவரியாகக் கணக்கு காட்டுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாவட்டச் சட்டப்பணி ஆணையத்தில் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஜவ்வாது மலைப் பழங்குடியினர் சாதிச் சான்றோடு போனால் போதும்.

சிவில் வழக்கு ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறல் பளிச்சென்று தெரிந்தால் ஹைகோர்ட்டில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். 1994இல் கேரளப் போலீஸ் கைது செய்த நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் இரண்டு வழியையும் விடவில்லை. ஹைகோர்ட்டில் தோற்றும் மேலே போனதில், 2018இல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. சிவில் வழக்கைத் தொடரலாம் என்றும் சொன்னது. அந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள 2020இல் கேரள அரசு 1.30 கோடி தனியாகக் கொடுத்தது.