வாளை மட்டும் பார்த்தால் போதுமா? சாமுராய் படம் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பழைய ஜப்பானின் போர்வீரர்களான சாமுராய்களைப் பற்றிய படம் பார்க்கலாம் என்று ஆசையோடு உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் கொட்டாவி விட்டு எழுந்து போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அந்தக் கோஷ்டிதான். பத்து நிமிடத்துக்கு ஒரு சண்டை வரும் என்ற கணக்கோடு உட்கார்ந்தால் இந்தப் படங்கள் நம்மை ஏமாற்றிவிடும்.

இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடம் ஓடும். படத்துக்குள்ளேயே இடைவேளை வைத்திருப்பார்கள். கொள்ளைக்காரர்கள் திரண்டு வந்து ஊரைத் தாக்குவது அதற்குப் பிறகுதான். அதுவரை என்ன நடக்கிறது? கூலியாகச் சோறு மட்டுமே தர முடிந்த விவசாயிகள், தங்களைக் காப்பாற்ற ஆள் தேடி அலைகிறார்கள். வருகிறவர்களுக்கு அரிசிச் சோறு போட்டுவிட்டு, தாங்கள் சிறுதானியம் தின்கிறார்கள். ‘சண்டை எப்போது வரும்’ என்று இதையெல்லாம் ஓட்டிவிட்டுப் பார்க்கிறவருக்கு, கடைசியில் மழையிலும் சேற்றிலும் நடக்கும் அந்தப் பெரிய சண்டை வெறும் ஓட்டமும் கூச்சலுமாகத்தான் தெரியும். யார் விழுந்தால் நெஞ்சு பதறவேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

தலைமுடியைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு தவறு. சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். முன்மண்டையை மழித்து, பின்முடியை எண்ணெய் தடவிக் குடுமியாகக் கட்டுவது சாமுராயின் அந்தஸ்துக்கு அடையாளம். முன்மண்டையில் முடி வளர்ந்து கலைந்து கிடந்தால், அவர் பெரும்பாலும் எஜமானை இழந்த ரோனின். ‘செவன் சாமுராய்’ தலைவர் கம்பேய் அறிமுகமாகும் காட்சியில், திருடன் பிடித்து வைத்திருக்கும் குழந்தையை மீட்கத் துறவி வேடம் போடுவதற்காகக் குடுமியை அறுத்துத் தலையை மழித்துக்கொள்கிறார். சுற்றி நிற்கும் கூட்டம் ஏன் வாயடைத்துப் பார்க்கிறது என்பது குடுமியின் மதிப்பு தெரிந்தால்தான் புரியும். அத்தோடு, எல்லா முகமும் ஒன்றுபோல் இருக்கிறதே என்ற குழப்பமும் பாதி தீரும்.

அப்புறம், கை. வாள் இடது இடுப்பில் இருக்கும், வலது கையால் உருவுவார்கள். உட்காரும்போது வாளை வலப்பக்கம் வைத்தால், உருவுவது கஷ்டம். அதாவது, சண்டைக்கு வரவில்லை என்று அர்த்தம். இடப்பக்கம் வைத்தால் உஷார். பேசிக்கொண்டே இருக்கும் ஒருவரின் இடது கட்டைவிரல் கைப்பிடித் தட்டை லேசாக முன்னே தள்ளினால், வாள் உறையிலிருந்து இளகிவிட்டது, அடுத்த நொடி எதுவும் நடக்கலாம். இது தெரிந்த பிறகு, நாலு பேர் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் காட்சியைக்கூட நம்மால் நிம்மதியாகப் பார்க்க முடியாது. ‘சான்ஜூரோ’வின் (1962) கடைசியில் இருவர் எதிரெதிரே அசையாமல் நிற்பார்கள், நிற்பார்கள், நின்றுகொண்டே இருப்பார்கள். பிறகு ஒரே வீச்சு, முடிந்தது. ‘பிரமாதம்’ என்று வாய் பிளக்கும் இளைஞனைப் பார்த்து, ஜெயித்த நாயகன், நடிகர் தோஷிரோ மிஃபுனேயே எரிந்து விழுவார். அந்தக் கோபத்துக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

எல்லாம் ‘பழைய காலம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. ‘செவன் சாமுராய்’ நடப்பது 16-ம் நூற்றாண்டின் கடைசியில். ஊரெங்கும் போர், துப்பாக்கியும் வந்துவிட்டது. (படம் பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள். அதில் சாகும் நான்கு சாமுராய்களில் ஒருவர்கூட வாளால் சாவதில்லை. நால்வரையும் கொல்வது துப்பாக்கிதான்.) 1603-ல் தொடங்கி 1868 வரை நீண்ட எடோ காலமோ பெரும்பாலும் அமைதிக் காலம். போரே இல்லாத நாட்டில் போர்வீரனுக்கு என்ன வேலை? கணக்கு எழுதினார்கள், கிடங்கு பார்த்துக்கொண்டார்கள். சம்பளத்தை அரிசியில் கணக்கிட்டார்கள். ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அளவான ‘கொகு’, சுமார் 150 கிலோ, அதற்கு அலகு. யோஜி யமடாவின் ‘ட்விலைட் சாமுராய்’ (2002) நாயகனுக்கு வருடம் 50 கொகு. கடன் போக மிஞ்சுவதில் குடும்பம் ஓடாமல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பூச்சிக்கூண்டு செய்து விற்கிறார்.

செஞ்சோற்றுக் கடன் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, சாமுராய்க்கு அது அசல் சோறு. சோறு போட்டவர் ‘கொல்’ என்றால் கொல்ல வேண்டும், ‘செத்துப்போ’ என்றால் சாக வேண்டும். மனசு வேறு பக்கம் இழுத்தாலும் கடமை விடாது. இந்தப் படங்களில் பாதிக்கு மேல் அந்த இழுபறிதான் கதை. அதைப் பிடித்துக்கொண்டால் வாள் வெளியே வருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது தெரியும்.

இதனால்தான் ‘சாமுராய் படம் என்றால் வீரத்துக்குத் துதி பாடும் படம்’ என்று நினைப்பதும் தப்பாகப் போகிறது. மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’யை (1962) பாருங்கள். 1630-ல், பிழைக்க வழியற்ற ஒரு ரோனின் பிரபு ஒருவரின் மாளிகைக்கு வந்து, வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக உங்கள் முற்றத்தில் இடம் வேண்டும் என்று கேட்கிறார். அவருக்கு முன்பு இதே போல வந்த இளைஞன், வாளை விற்றுத் தின்றுவிட்டு உறைக்குள் மூங்கில் வாளை வைத்திருந்தான். அந்த மூங்கிலாலேயே சாக வைத்தார்கள். சாமுராய் மானம், மரியாதை என்ற பேச்சையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே உரித்துப் போடும் படம் அது. படத்தின் பெரும்பகுதி ஒரு மனிதர் பாயில் உட்கார்ந்து பேசுவதுதான். எனக்கு அதைவிடப் பதற்றமான ‘ஆக்‌ஷன்’ படம் தெரியாது.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. ஆங்கில டப்பிங்கில் பார்க்காதீர்கள். மிஃபுனேயின் உறுமல் போனால் மிஃபுனேயில் பாதி போனது. குரோசாவாவோடு நின்றுவிடாதீர்கள். ஷின்டாரோ கட்சு நடித்த ஸாட்டோய்ச்சி படங்கள் 1962 முதல் 1989 வரை 26. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் ஸாட்டோய்ச்சி சாமுராயே இல்லை. கண் தெரியாத, சூதாடுகிற, உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கிற ஆள், கைத்தடிக்குள் வாள். எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், ‘யோஜிம்போ’ (1961) என்பேன். 110 நிமிடம், நக்கல் நிறைய. இதை வைத்து 1964-ல் இத்தாலிக்காரர்கள் கௌபாய் படம் எடுத்து வழக்கு வரை போன கதை வேறு.

கடைசியாக, முடிவு. வில்லன் செத்து, வணக்கம் போடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ‘தி ஸ்வார்ட் ஆஃப் டூம்’ (1966), நாயகனாக நடித்த தத்சுயா நகாதாய் வெறி பிடித்து வாள் வீசிக்கொண்டிருக்கும்போதே அப்படியே உறைந்து நின்று முடிந்துவிடும். தொடர் பாகங்கள் எடுக்கும் திட்டம் இருந்தது, எடுக்கவில்லை. இது தெரியாமல், டிவிடியில் கீறல் விழுந்துவிட்டது என்று நினைத்து, சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.