ஆர்என்ஏஸ் டி1 நொதி போடாத லேனிலும் ஆர்என்ஏ வெட்டுப்பட்டது ஏன்?

ஆர்என்ஏவை வெட்டும் நொதியான ஆர்என்ஏஸ் டி1 ஒற்றை இழையில் குவானின் என்ற காரத்துக்கு அடுத்துதான் வெட்டும், ஆனால் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் என் ஜெல்லில் நொதியே சேர்க்காத லேனிலும் (தடத்திலும்) பட்டைகள் வந்துகொண்டே இருந்தன. டிஇபிசி தண்ணீர் (ஆர்என்ஏஸ் நீக்கிய தண்ணீர்), பிப்பெட் டிப் எல்லாம் மாற்றியும் பயனில்லை. அப்புறம் பட்டைகளை ஆர்என்ஏ வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வெட்டு எல்லாமே யுராசில், சைட்டோசினுக்குப் பின்னால். அதிலும் அடுத்து அடினின் வரும் இடங்களில் அதிகம். இது ஆர்என்ஏவை வெட்டும் இன்னொரு நொதியான ஆர்என்ஏஸ் ஏ-வின் கைவரிசை. என் ஆர்என்ஏவைப் படியெடுக்க உதவும் வார்ப்பு டிஎன்ஏவை பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் பிளாஸ்மிட் மினிபிரெப்பின் முதல் கரைசலிலேயே அதைத்தானே கலக்கிறார்கள்! நான்கு டைசல்பைடு பிணைப்புகள் இருப்பதால் ஆட்டோகிளேவின் உயர் அழுத்த நீராவிச் சூட்டுக்கும் லேசில் அசராது. டிஎன்ஏவை எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள், புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி சேர்த்து 50 டிகிரி செல்சியஸில் வைத்து, பீனால்-குளோரோஃபார்மில் பிரித்து, எத்தனாலில் வீழ்படிவாக்கி, அதிலிருந்து புதிதாக ஆர்என்ஏ தயாரித்தேன். இப்போது நொதி சேர்க்காத லேன் சுத்தம், டி1 லேனில் குவானின் பட்டைகள் மட்டும்.