அடையாள அணிவகுப்பைச் சோதிப்பது எப்படி?

கைதானவரை வேறு பலரோடு வரிசையில் நிறுத்தி, நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் சாட்சியை ஆள் காட்டச் சொல்வதுதான் அடையாள அணிவகுப்பு. முன்பின் தெரியாத ஒருவரை இருட்டில் சில நொடிகள் பார்த்த சாட்சி, கூண்டில் ஏறி "இவர்தான்" என்று கை நீட்டும்போது குரல் தடுமாறாது. மனதார நம்பித்தான் சொல்கிறார். எதிரித் (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வழக்கறிஞர் தேட வேண்டியது, அந்த முகம் சாட்சியின் மனதுக்குள் எப்போது வந்தது என்பதை.

முதல் தகவல் அறிக்கையில் உயரம், வயது, மீசை, தழும்பு ஏதாவது உண்டா? "மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்" என்ற வரி மட்டும் இருந்தால், பின்னால் காட்டியதை எதனோடும் ஒப்பிட முடியாது. அடுத்து பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீசார் எழுதும் குறிப்பு) அந்த இடத்தின் மாதிரி வரைபடத்தையும் அருகருகே வையுங்கள். தெருவிளக்குக் கம்பம் குறிக்கப்பட்டிருக்கிறதா? வெளிச்சம் அந்த ஆளின் முகத்தில் விழுந்ததா, முதுகிலா?

பிறகு சம்பவம், கைது, ரிமாண்ட் (நீதிமன்றக் காவலுக்கு அனுப்புவது), அணிவகுப்பு ஆகிய நான்கு தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். கைதுக்கும் அணிவகுப்புக்கும் நடுவே உள்ள நாட்களில்தான் வழக்கு கெடும். நாளிதழில் படம் வந்ததா, சாட்சியிடம் செல்போனில் படம் காட்டினார்களா, ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது முகம் மூடியிருந்ததா? படத்தைப் பார்த்துவிட்டால் அதன்பின் நினைவில் நிற்பது அந்தப் படம்தான். கேரளத்தின் கிரீசன் நாயர் வழக்கில் (2022), எதிரிகளைச் சாட்சிகள் முன்பே பார்க்க வாய்ப்பிருந்ததால் அணிவகுப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

நடுவரின் அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள். உடன் நின்றவர்கள் வயதிலும் தோற்றத்திலும் ஒத்திருந்தார்களா? மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒருவர் நிற்க, மற்றவர்கள் வெறுங்கையோடு நின்றால், சாட்சி முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. எல்லோர் கையையும் நடுவர் துண்டால் மறைத்தாரா என்று பாருங்கள். ஒவ்வொரு சாட்சிக்குப் பிறகும் எதிரி இடம் மாற்றி நின்றாரா? பார்த்து முடித்தவர் காத்திருப்பவரோடு பேச வழி இருந்ததா? தவறான ஆளைக் காட்டியது பதிவாகியிருக்கிறதா? போலீசார் அங்கே இருந்திருக்கவே கூடாது.

அணிவகுப்பில் நிற்க எதிரி மறுப்பது நல்ல வழியல்ல. தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3) பிரிவைக் காட்டி மறுக்க முடியாது என்று 2023-இல் முகேஷ் சிங் வழக்கில் தீர்ப்பானது. படம் காட்டப்பட்டது என்றால், அதை நடுவரிடம் அணிவகுப்புக்கு முன்பே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நீதிமன்றத்தில் காட்டுவதே சட்டத்தின் கண்ணில் முதன்மைச் சான்று; அணிவகுப்பு அதற்குத் துணை மட்டுமே. ஆகவே குறுக்கு விசாரணையில் "சரியாகப் பார்த்தீர்களா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், "நன்றாகப் பார்த்தேன்" என்று பதில் இறுகிவிடும். காவல் நிலையத்துக்கு எந்தெந்தத் தேதியில் போனார், அங்கே யாரைப் பார்த்தார் என்று தொடங்குங்கள்.