பத்தோடு பதினொன்றாகப் போகாமல்: பி.காம் முடித்தவர் முதல் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிபாகம் வாங்கி விற்கும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், என்னையும் சேர்த்து நான்கு பேர். அசிஸ்டென்ட் தேவை என்று ஒரு விளம்பரம் போட்டால் இரண்டே நாளில் மெயில் பெட்டி நிரம்பிவிடும். அத்தனையையும் முதலில் பிரித்துப் பார்ப்பது நான்தான். ஒன்றுக்கு அரை நிமிடம் ஒதுக்கினாலே அதிகம்.

அந்த அரை நிமிடத்தில் பெரும்பாலான ரெஸ்யூமேக்கள் ஒரே ஆள் எழுதியது போல இருக்கும். எல்லோரும் பி.காம், எல்லோருக்கும் டேலி என்னும் கணக்கு சாஃப்ட்வேர் தெரியும், எல்லோரும் கடின உழைப்பாளிகள். இந்தக் கூட்டத்தில் உங்கள் பெயர் என் கண்ணில் நிற்க என்ன செய்யலாம் என்பதை, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முன் அனுபவம் எதுவும் இல்லாதவர்களுக்காகத்தான் இது.

படி 1: முதலில் வெட்டுங்கள்

"சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவன வளர்ச்சிக்கு உறுதுணையாக இருப்பேன்" என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை முதலில் எடுத்துவிடுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி கைமாறி வரும் வாக்கியம் அது, யாரும் படிப்பதில்லை. அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா இல்லையா, பொழுதுபோக்கு, கடைசியில் "மேற்கண்ட தகவல்கள் அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழி, இவை கல்யாண பயோடேட்டாவுக்குப் பொருந்தும். இங்கே வேண்டாம்.

மிஞ்சுவது ஒரு பக்கம்தான் வரும். வரட்டும். அரைப் பக்கம் காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அங்கே வைக்கத்தான் அடுத்த படி.

படி 2: காட்டுவதற்கு ஒரு வேலையைச் செய்து வையுங்கள்

மற்ற படிகளை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். பத்து நாள் ஆகும், பணம் செலவில்லை.

டேலி பிரைமை டேலியின் தளத்திலிருந்து இறக்கி, லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் திறக்கலாம். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வவுச்சர், அதாவது கணக்குப் பதிவு போட முடியும். பரவாயில்லை. ஒரு கற்பனைக் கடையை உருவாக்கி, முப்பது கொள்முதல் பில், முப்பது விற்பனை பில், பத்து பேங்க் பதிவு போடுங்கள். சொந்தக்காரர் கடை பில்களை வைத்துப் பழகினால், வெளியே காட்டும்போது பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் மறைத்துவிடுங்கள். அடுத்தவர் கணக்கை ஊரெல்லாம் காட்டுபவரை யாரும் கணக்கில் உட்கார வைக்க மாட்டார்கள்.

பில் போடும்போது ஊரைக் கவனியுங்கள். சப்ளையர் நம் மாநிலம் என்றால் ஜிஎஸ்டி மத்திய அரசுக்கு (சிஜிஎஸ்டி), மாநில அரசுக்கு (எஸ்ஜிஎஸ்டி) என்று இரண்டாகப் பிரியும், வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி என்று ஒன்றாக வரும். ஈரோட்டிலிருந்து 12,500 ரூபாய்க்குச் சரக்கு வந்து வரி 18 சதவீதம் என்றால், சிஜிஎஸ்டி 1,125, எஸ்ஜிஎஸ்டி 1,125. அதே சரக்கு பெங்களூரிலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி 2,250. இரண்டிலும் மொத்தம் 14,750 என்பதால் புதியவர்கள் மாற்றிப் போட்டுவிட்டு அது தெரியாமலேயே இருப்பார்கள். சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் குழப்பமில்லை. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. வரி விகிதத்திலும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீதம் போய் 5, 18 ஆகிவிட்டது. அதற்குப் பிந்தைய தேதியில் 12 சதவீதம் போட்ட மாதிரி பில்லோடு வந்தால், பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துப் படித்தவர் என்று தெரிந்துவிடும்.

அடுத்ததுதான் முக்கியம். எக்ஸெலில் இரண்டு தாள்கள் தயார் செய்யுங்கள். ஒன்று உங்கள் கடையின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர், அதாவது கொள்முதல் பில் பட்டியல், முப்பது வரி. இன்னொன்று ஜிஎஸ்டிஆர்-2பி மாதிரி, அதில் இருபத்தெட்டு வரி போதும். 2பி என்பது சப்ளையர்கள் அவரவர் ரிட்டர்னில் காட்டிய பில்களைத் தொகுத்து, அடுத்த மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டல் நமக்குத் தரும் பட்டியல். 2022 ஜனவரி 1 முதல் இதில் வராத பில்லுக்கு வரிக் கழிவு எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே எங்களைப் போன்ற கம்பெனியில் மாதா மாதம் தலைவலி கொடுக்கும் வேலை இந்த ஒப்பீடுதான். கல்லூரியில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

இரண்டாவது தாளில் நீங்களே வேண்டுமென்று தவறுகளை விதைத்து, பிறகு விலுக்அப் என்ற எக்ஸெல் ஃபார்முலாவை வைத்துத் தேடுங்கள். பில் நம்பரை மட்டும் வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் 45ஆம் நம்பர் பில் இரண்டு சப்ளையரிடமும் இருக்கும். ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் ஒட்டித் தனியாக ஒரு நெடுவரிசை போட்டு, அதை வைத்துத் தேட வேண்டும். அப்போதும் சில ஒட்டாது. நம் ரிஜிஸ்டரில் "45" என்று இருப்பதை சப்ளையர் "045/25-26" என்று ஏற்றியிருப்பார். இதையெல்லாம் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டு வருகிறவர் வேறு ஆள்.

போன வருடம் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். படிப்பு முடித்து மூன்று மாதம்தான். ரெஸ்யூமேயோடு இரண்டு தாள் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். டேலி பதிவுகள் எல்லாம் 1, 2, 31 என்று இருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். "எஜுகேஷனல் மோடுங்க சார்" என்று அவரே சொல்லிவிட்டார். ஒப்பீட்டுத் தாளில் மூன்று வரிகளைச் சிவப்பு பேனாவால் வட்டமிட்டிருந்தார். "இது 2பியில வரவே இல்லைங்க சார். இது தொகையில வித்தியாசம். இதுல ஜிஎஸ்டி நம்பரே தப்பு, சைபர் வர்ற இடத்துல ஓ எழுத்து இருக்கு." அந்த எண்ணில் 3 முதல் 12 வரை பான் எண் என்பதும், பானில் எது எழுத்து, எது இலக்கம் என்பதும் தெரிந்தால்தான் இது கண்ணில் படும். அதற்கு மேல் நான் கேள்வி கேட்கவில்லை. எப்போது சேர முடியும் என்று மட்டும் கேட்டேன்.

படி 3: செய்ததை ரெஸ்யூமேயில் எழுதுங்கள்

"டேலி, எம்எஸ் ஆபீஸ் தெரியும்" என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "டேலி பிரைமில் 60 பில், 10 பேங்க் பதிவு (பயிற்சி). 30 கொள்முதல் பில்களை 2பி மாதிரித் தாளோடு எக்ஸெலில் ஒப்பிட்டேன்." பயிற்சி என்ற சொல்லை மறைக்காதீர்கள். அனுபவம் என்று போட்டால் இரண்டாவது கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

ஃபைலை பிடிஎஃப் ஆக்கி, உங்கள் பெயரையும் கேட்கும் வேலையையும் வைத்துப் பெயரிடுங்கள். "ரெஸ்யூமே நியூ ஃபைனல் 2" என்ற பெயரில் என்னிடம் எத்தனை ஃபைல் கிடக்கிறது தெரியுமா? மெயில் தலைப்பும் அப்படித்தான்: "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு, பி.காம் 2025, பீளமேடு, உடனே சேரலாம்". ஊர் முக்கியம். தினமும் இரண்டு பஸ் மாறி வர வேண்டியவர் ஆறு மாதத்தில் நின்றுவிடுவார் என்ற பயம் எல்லா முதலாளிக்கும் உண்டு, நியாயமோ இல்லையோ.

படி 4: எங்கே கொடுப்பது

நௌக்ரி, லிங்க்ட்இன் ஆகிய வேலை தேடும் தளங்களில் இருங்கள், தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிறு முகாம்களுக்கும் போய் வாருங்கள். நௌக்ரியில் புரொஃபைலை வாரம் ஒருமுறையாவது திறந்து ஏதாவது திருத்துங்கள். அண்மையில் உள்ளே வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி எங்கள் பக்கம் இருக்கிறது.

ஆனால் சின்னக் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் வேலை பாதிக்கு மேல் விளம்பரத்துக்கே வராது என்பது என் அனுபவம். முதலாளி தன் ஆடிட்டருக்கு போன் போடுவார்: "சார், நல்ல பையனோ பொண்ணோ இருந்தா சொல்லுங்க." ஆகவே உங்கள் ஊரில் உள்ள ஆடிட்டர் ஆபீஸ்கள் நாலைந்துக்கு நேரில் போய், அந்த இரண்டு தாளையும் ரெஸ்யூமேயையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கேயே சேரச் சொன்னால் சம்பளம் கம்மி என்று மறுக்காதீர்கள். ஒரே வருடத்தில் இருபது கம்பெனிக் கணக்கு கைக்கு வரும். டேலி விற்று சர்வீஸ் பார்க்கும் பார்ட்னர் கடைகளையும் மறக்க வேண்டாம். ஆள் தேடும் கம்பெனிகள் அவர்களிடமும் சொல்லி வைப்பது வழக்கம்.

வேலைக்கு டெபாசிட், யூனிஃபார்ம் காசு, ரெஜிஸ்ட்ரேஷன் என்று யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 5: தேதி பார்த்து போன் செய்யுங்கள்

இதை எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. அக்கவுண்ட்ஸ்காரர்களின் மாதம் இப்படி ஓடும்: 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டர்ன்), 14 அன்று 2பி வரும், 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). 20ஆம் தேதி மதியம் போர்ட்டல் சுற்றிக்கொண்டிருக்கும்போது "சார், என் ரெஸ்யூமே பார்த்தீங்களா" என்று போன் வந்தால், உங்கள் பெயர் நினைவில் நிற்கும், ஆனால் நல்ல விதமாக அல்ல.

21 முதல் 28 வரை கொஞ்சம் மூச்சு விடுவோம். அனுப்புவதும் அழைப்பதும் அப்போது இருக்கட்டும். ஒரு பையன், "3பி முடிஞ்சிருக்கும்னு இன்னைக்குக் கூப்பிட்டேங்க" என்றார். அந்த ஒரு வரிக்காகவே மெயிலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் கடைசி வாரம் மட்டும் விதிவிலக்கு. டாக்ஸ் ஆடிட், அதாவது வருமான வரிக்கான தணிக்கை நேரம், யாரையும் நெருங்க முடியாது.

படி 6: நேர்காணல்

சின்னக் கம்பெனியில் பாதி நேர்காணல் ஒரு கம்ப்யூட்டர் முன்னால்தான் நடக்கும். ஐந்து பில்லைக் கொடுத்துப் போடச் சொல்வோம். வேகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு படபடவென்று அடிக்காதீர்கள். ஒரு பில்லில் வேண்டுமென்றே எதையாவது விட்டிருப்போம். "இது கேஷா கிரெடிட்டாங்க?" என்று கேட்டுவிட்டு அடிப்பவரைத்தான் தேடுகிறோம்.

நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "பில் கையில் இருக்கிறது, 2பியில் இல்லை. என்ன செய்வீர்கள்?" சப்ளையர் இன்னும் ஜிஎஸ்டிஆர்-1 போடாமல் இருக்கலாம். நம் எண்ணைத் தவறாக அடித்திருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்ன ஆளாக இருந்து, இடையில் பில்லை ஏற்றாமல் விட்டிருக்கலாம். இந்த மாதம் கழிவு எடுக்காமல் தனியாகக் குறித்து வைத்து, சப்ளையருக்கு போன் செய்வேன் என்று சொன்னால் போதும். புத்தகத்தில் உள்ள பிரிவு எண் எனக்கு வேண்டாம்.

சம்பளப் பேச்சு வந்தால் கூச்சப்படாமல் கையில் வருவதைக் கணக்குப் போடுங்கள். மொத்தம் 16,000, அதில் பிஎஃப்புக்கு உரிய அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால், பிஎஃப் 12 சதவீதம் 1,200. இஎஸ்ஐ 0.75 சதவீதம் 120. கைக்கு 14,680. கணக்கு வேலைக்கு வந்தவர் தன் சம்பளத்தையே கணக்குப் போடத் தயங்குவதை வாராவாரம் பார்க்கிறேன்.

படி 7: அன்று மாலை ஒரு மெயில்

நன்றி மெயில் எல்லோரும் சொல்வதுதான், வெறும் நன்றியை நான் திறந்து பார்த்ததும் மூடிவிடுவேன். நேர்காணலில் தெரியாமல் போன ஒரு கேள்வி இருக்கும் அல்லவா, அதற்கு வீட்டில் விடை தேடி நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள்.

சென்ற ஆண்டு ஒரு பையனிடம், வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பினால் பில் தொகையைச் சரிசெய்ய யார் எந்த நோட் (கிரெடிட் நோட்டா, டெபிட் நோட்டா) போடுவார்கள் என்று கேட்டேன். தலைகீழாகச் சொன்னார். மற்றபடியும் சுமார்தான், அடுத்தவரைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். இரவு ஏழரைக்கு மெயில் வந்தது: "சார், காலையில் தவறாகச் சொல்லிவிட்டேன். ஜிஎஸ்டியில் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டியது சப்ளையர். நம் டேலியில் அதை டெபிட் நோட்டாகப் போட வேண்டும். என் பயிற்சிக் கம்பெனியில் ஒன்று போட்டுப் பார்த்தேன், ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்." ஸ்கிரீன்ஷாட்டில் தேதி 31. திங்கட்கிழமை அவரை மறுபடி வரச் சொன்னேன். இப்போது எங்கள் பர்ச்சேஸ் ரிட்டர்ன் முழுக்க அவர் மேஜையில்தான்.