ஆய்வகச் சுண்டெலிகளை வதைக்காமல் பராமரிக்கும் முறை: புதிதாகத் தொடங்குவோருக்கு

விலங்குகளைக் கொண்டு நடக்கும் ஆய்வுகளுக்கு 1959ஆம் ஆண்டில் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் ஆகிய இருவர் மூன்று நெறிகளை வகுத்தார்கள். விலங்கு இல்லாமலே ஆய்வை முடிக்க வழியுண்டா என்று தேடுவது, விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, பயன்படுத்தும் விலங்கின் துன்பத்தைத் தணிக்கும்படி முறைகளைச் செம்மைப்படுத்துவது என்பவையே அவை. முதல் இரண்டும் பெரும்பாலும் ஆய்வைத் திட்டமிடுபவரின் பொறுப்பு. மூன்றாவதோ, நாள்தோறும் கூண்டைத் திறப்பவரின் கையில்தான் பெரிதும் இருக்கிறது.

படி 1: அறையைச் சரிபாருங்கள்.
சுண்டெலியின் சிறுநீரிலுள்ள புரதம் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், மேலங்கி, கையுறை, முகக்கவசம் அணிந்தே உள்ளே செல்ல வேண்டும். வெப்பநிலை 20 முதல் 26 டிகிரி செல்சியஸுக்குள் உள்ளதா என்று பாருங்கள். இது நமக்கு இதமான அளவு. சுண்டெலியின் உடலுக்கு இதமானது ஏறத்தாழ 30 டிகிரி. எனவே கூடு கட்டுவதற்கான தாள் இழைகளை ஒவ்வொரு கூண்டிலும் தாராளமாக வைப்பதை ஆடம்பரமாகக் கருதக் கூடாது.

படி 2: தொடுவதற்கு முன் பாருங்கள்.
சுண்டெலி இரவில் நடமாடும் விலங்கு. பகலில் சுருண்டு உறங்குவதை நோய் என்று எண்ணிவிட வேண்டாம். சுவர் எழுப்பிக் குவிமாடம்போல் கட்டிய கூடு நல்ல அறிகுறி. கூடு தட்டையாகக் கிடந்தாலோ, ஒரு விலங்கு மட்டும் முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்துத் தனியே அமர்ந்திருந்தாலோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் சிறிதளவு புதிய இழையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்; நலமாக உள்ள சுண்டெலிகள் பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் அதை இழுத்துச் சென்று கூட்டோடு சேர்த்துவிடும்.

படி 3: தண்ணீரைச் சோதியுங்கள்.
புட்டி நிறைந்திருப்பதால் மட்டும் விலங்கு குடிக்கிறது என்று ஆகாது. குழாய் முனையிலுள்ள குண்டு சிக்கிக்கொண்டால் ஒரு சொட்டும் வராது. விரலால் முனையை மெல்லத் தொட்டு, நீர் கசிகிறதா என்று பாருங்கள். ஓயாமல் ஒழுகினாலும் ஆபத்துதான், படுக்கை நனைந்து விலங்கு குளிரில் விறைத்துவிடும்.

படி 4: வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள்.
நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். வாலைப் பிடித்துத் தூக்கப்படும் சுண்டெலிகளைவிட, குழாயிலோ குவித்த உள்ளங்கைகளிலோ எடுக்கப்படுபவை மனிதரிடம் குறைவாகவே அஞ்சுகின்றன என்பதை ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 5 செ.மீ. விட்டமுள்ள, ஒளி ஊடுருவும் குழாயைக் கூண்டின் சுவரையொட்டிக் கிடத்துங்கள். மறு கையால் சுண்டெலியைக் குழாயின் வாயை நோக்கி மெல்ல வழிநடத்துங்கள், துரத்த வேண்டாம். அது உள்ளே நுழைந்ததும் இரு முனைகளையும் கைகளால் தளர்வாக மறைத்து, குழாய் சாயாமல் உயர்த்துங்கள். இறக்கும்போது தரைக்கு அருகே கொண்டுவந்து சற்றே சாய்த்தால் தானாக வெளியேறும். வால்பிடிதான் விரைவு என்று சொல்வோர் உண்டு. கூண்டிலேயே குழாய் இருந்து விலங்கு அதற்குப் பழகிவிட்டால், இம்முறைக்கும் அதிக நேரம் ஆவதில்லை.

படி 5: வலியை முகத்தில் படியுங்கள்.
இரையாகும் விலங்கு தன் வலியை மறைக்கும். எனவே சற்று விலகி, அசையாமல் நின்று கவனியுங்கள். இடுங்கிய கண்கள், புடைத்த மூக்கு, புடைத்த கன்னம், பின்னோக்கித் தள்ளிய காதுகள், இயல்பு மாறிய மீசை ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 என்று மதிப்பெண் இடும் அளவுகோல் 2010இலிருந்து வழக்கில் உள்ளது. உறக்கத்திலும் கண் மூடியிருக்கும் என்பதால், விழித்திருக்கும் விலங்கை மட்டுமே இவ்வாறு மதிப்பிட வேண்டும்.

படி 6: கூண்டை மாற்றும்போது பழைய கூட்டின் உலர்ந்த பகுதியைப் புதிய கூண்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். பழகிய மணம் இருந்தால் ஆண் சுண்டெலிகளிடையே சண்டை குறையும். சிறுநீர் ஊறிய மரத்தூளை மட்டும் கொண்டுபோக வேண்டாம். அது சண்டையைத் தூண்டும்.

படி 7: எழுதிவையுங்கள்.
எடை, கூட்டின் நிலை, முகக்குறி ஆகியவற்றை அன்றன்றே பதிவு செய்யுங்கள். எந்த நிலையை எட்டினால் ஆய்வை நிறுத்தி விலங்கின் துன்பத்தை முடிக்க வேண்டும் என்ற எல்லையை, ஆய்வு தொடங்கும் முன்பே கால்நடை மருத்துவருடன் பேசி எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். உடல் எடையில் 20 விழுக்காடு இழப்பு என்பது பரவலாகக் கையாளப்படும் ஓர் எல்லை. அதை எட்டும்வரை காத்திருக்காமல், எடை சரியத் தொடங்கும் நாளிலேயே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். விடுமுறை நாளிலும் அவரை அழைப்பதற்கான எண் அறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.