ராத்திரி லாரி ஓட்டம்: தூக்கக் கணக்கில் நடக்கும் தவறுகள்

டிரைவர் கண் அசந்து நடந்த விபத்தில் பெரும்பாலும் சாலையில் டயர் தேய்ந்த தடம் இருக்காது. விழித்திருக்கும் ஆள் கடைசி நொடியிலாவது பிரேக்கை மிதித்திருப்பார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. நாலே நொடி கண் சொக்கினால் 67 மீட்டர் தூரம் வண்டி ஆளில்லாமல் ஓடியதாகத்தான் அர்த்தம். அப்படிச் சொக்கியதே பல டிரைவர்களுக்குத் தெரிவதில்லை.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இதற்குச் சொல்லப்படும் வைத்தியமெல்லாம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்த பிறகு செய்பவை: டீ, பாட்டு, முகம் கழுவுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது. ஆனால் டிரைவர் எந்த இடத்தில் அசந்து போவார் என்பது பாதிக்கு மேல் வண்டி கிளம்புவதற்கு முன்பே, புக்கிங் ஆபீசில் நேரம் பேசும்போதே முடிவாகிவிடுகிறது.

தூரத்தை மட்டும் பார்த்து நேரம் ஒத்துக்கொள்வது

ஈரோட்டிலிருந்து மும்பை சுமார் 1,250 கிலோமீட்டர். லோடு வண்டிக்கு டோல்கேட், மேடு, ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்துச் சராசரி 40 கிலோமீட்டர் என்று வைத்தால், சக்கரம் உருளும் நேரம் மட்டும் 31 மணி நேரம். ஒரே டிரைவர் ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டினாலும் நாலாவது நாள்தான் சேர முடியும். "நாளை மறுநாள் காலையில் இறக்கணும்" என்று பார்ட்டியிடம் ஒத்துக்கொண்டால், பற்றாக்குறை நேரமெல்லாம் டிரைவரின் தூக்கத்தில்தான் கழியும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் நடுவில் அரை மணி நேரமாவது இடைவேளை விடச் சொன்னது. தொழிலில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வாடகை பேசும்போது டீசலுக்கும் டோலுக்கும் கணக்குப் போடுகிற அதே தாளில் தூங்கும் நேரத்தையும் எழுதினால் போதும். ஒத்துவராத லோடு எது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வரிசையில் நின்ற நேரத்தை ஓய்வில் சேர்ப்பது

முதலாளிகள் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது. தூத்துக்குடியில் கன்டெய்னர் இறக்கவோ சிமென்ட் ஆலையில் லோடு ஏற்றவோ 9 மணி நேரம் நின்ற வண்டியைப் பார்த்து, "அங்கேதான் நல்லாத் தூங்கியிருப்பீங்களே, கிளம்புங்க" என்கிறார்கள். வரிசை அரை மணிக்கு ஒருமுறை நகரும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். நடுவில் பில் வாங்க ஓட வேண்டும், தார்ப்பாய் கட்ட வேண்டும். துண்டு துண்டாக விழுந்த ஆறு அரை மணிகள் மூன்று மணி நேரத் தூக்கம் ஆகிவிடாது. ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்பே ஆளை எழுப்பிவிட்டால் உடம்பு தேறாது.

கடலில் இதே சிக்கலைக் கப்பல்காரர்கள் விதி போட்டே அடைத்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அதை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக்கூடாது. ஒரு பகுதி 6 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. லாரிக்கும் இந்த 6 மணி நேரத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். லோடு ஏற்றி முடித்ததும் வரிசையை விட்டு வெளியே வந்து, வண்டியை ஓரங்கட்டி, செல்போனை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் தூங்கும் நேரம்தான் ஓய்வு.

"வீட்டிலிருந்து வருகிறார், தெம்பாக இருப்பார்"

லீவு முடிந்து வருகிற டிரைவரைப் பற்றி எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவரோ காலை 6 மணிக்கு எழுந்து தோட்டத்துக்குத் தண்ணி கட்டிவிட்டு, நோம்பிக்கு வந்த சொந்தக்காரர்களை வழியனுப்பிவிட்டு, இரவு 9 மணிக்கு வண்டி எடுக்கிறார். 11 மணிக்கே அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவர் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம். ஊதச் சொன்னால் மெஷின் எதுவும் காட்டாது என்பதுதான் வித்தியாசம்.

ராத்திரி ஓட்டம் இருந்தால் மதியம் 2 மணிக்குப் படுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் உடம்பே தூக்கம் கேட்கும். ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலும் நல்லது, மூன்று மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிவைக்க வேண்டும். பகலில் படுப்பவரைச் சோம்பேறி என்று பேசுகிற வழக்கம் நம் பக்கம் கொஞ்சம் அதிகம்.

அதிகாலை 2 முதல் 5 மணி வரை

எவ்வளவு தூங்கியிருந்தாலும் இந்த மூன்று மணி நேரத்தில் உடல் வெப்பம் இறங்கி, மூளை மந்தமாகும். பழக்கத்தால் இதை வெல்ல முடியாது. 20 வருட அனுபவமுள்ள டிரைவருக்கும் இதே கதிதான். பெங்களூரில் இரவு 10, 11 மணிக்குக் கிளம்பும் லோடு வண்டி தொப்பூர் கணவாய்க்கு வந்து சேர்வது சரியாக இந்த நேரத்தில்தான். நீண்ட இறக்கம், முழு லோடு, மந்தமான மூளை. போதாததற்கு டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. சூடேறிய பிரேக் பிடிக்காமல் போகும்போது யோசித்துச் செயல்படும் நிலையில் ஆள் இருப்பதில்லை. ஒன்று, இருட்டும் முன்பே கிளம்பி நள்ளிரவுக்குள் கணவாயைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ ஹால்ட் போட்டு, விடிந்த பிறகு குறைந்த கியரில் இறங்க வேண்டும்.

டீயைத் தூக்கத்துக்கு மாற்றாக நினைப்பது

டீ, காபியில் உள்ள கஃபீன் வேலை செய்யத் தொடங்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். குடித்த கையோடு கியர் போட்டால் மிக மோசமான அந்த அரை மணி நேரம் சாலையிலேயே கழிகிறது. ஒரு காபி குடித்துவிட்டு உடனே அலாரம் வைத்து 20 நிமிடம் படுங்கள். விழிக்கும்போது தூக்கத்தின் பலனும் கஃபீனின் பலனும் சேர்ந்து கிடைக்கும். இதுவும் இரண்டு மணி நேரம்போல் கடத்திவிடும், அவ்வளவுதான். பெரிய தூக்கத்துக்கு முந்தைய 6 மணி நேரத்தில் காபி வேண்டாம். முகம் கழுவுவதும் பாட்டும் சில நிமிடத்துக்கு மேல் நிற்காது. ராத்திரி 1 மணிக்கு நாலு பரோட்டாவும் சால்னாவும் நேர் எதிர் வேலை செய்யும். 9 மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, பிறகு பசித்தால் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு டிரைவர் இருந்தால் போதும் என்று நினைப்பது

ஓடும் கேபினில் படுத்தவருக்குக் குலுக்கலிலும் சத்தத்திலும் பாதித் தூக்கம்தான் கிடைக்கும். இரண்டு டிரைவர் வண்டிக்கும் நாளில் ஒருமுறை நிறுத்தித் தூங்கும் ஹால்ட் வேண்டும். எழுந்தவுடன் ஸ்டியரிங்கைக் கொடுக்கக்கூடாது. தூக்க மயக்கம் தெளிய 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். இறங்கி, டயரைத் தட்டிப் பார்த்து, தண்ணீர் குடித்து, நாலு வார்த்தை பேசிய பிறகே மாற வேண்டும்.

தப்பான இடத்தில் படுப்பது

வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினாலும் நெடுஞ்சாலை ஓரம் பாதுகாப்பு இல்லை. நின்ற லாரியின் பின்னால் வந்து மோதுபவரும் பெரும்பாலும் கண் அசந்தவர்தான். பெட்ரோல் பங்க், டோல்கேட் பக்கத்து லாரி நிறுத்தம் வரை போய்விடுங்கள். ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு தூங்கவே கூடாது. புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் சேரும். அதற்கு மணமில்லை, தூங்குபவருக்குத் தெரியாது. கொசுவலையும் சின்ன பேட்டரி ஃபேனும் வாங்கினால் கண்ணாடியை இறக்கிவிட்டே படுக்கலாம்.

குறட்டையையும் மாத்திரையையும் கண்டுகொள்ளாமல் விடுவது

ஏழு மணி நேரம் படுத்தும் காலையில் தலை பாரமாக இருக்கிறது, குறட்டை பலமாகி நடுவில் மூச்சு நின்று திணறுகிறது என்று வீட்டில் சொன்னால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். கழுத்துச் சுற்றளவு 17 அங்குலத்துக்கு மேல் இருப்பவர்களிடம் இது அதிகம். தூக்கப் பரிசோதனை செய்து சிகிச்சை எடுத்தால் வண்டி ஓட்டும் வேலையை விட வேண்டியதில்லை. சளி, அரிப்புக்குக் கேட்டு வாங்கும் செட்டிரிசின், குளோர்ஃபெனிரமின் போன்றவை மறுநாள் வரைகூட அசதி தரும். மருந்துக் கடையில் "ராத்திரி வண்டி ஓட்டுறேன்" என்று முதலிலேயே சொல்லி, தூக்கம் வரவைக்காத மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.